அம்மா பெயருக்கு நேரே

சூலூரில் எங்கள் வீட்டுக்குள் கன்னடம், வாசற்படி தாண்டினால் தமிழ். அந்தக் கன்னடத்தை எழுத எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பெங்களூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். விருந்தாளியை உட்கார வைத்துக்கொண்டே, பால் தீர்ந்துவிட்டது, பக்கத்து வீட்டில் வாங்கி வா என்று அம்மா என்னிடம் சொல்வதற்காகவே அந்த மொழி ஏற்பட்டது என்று நான் நினைத்திருந்தேன்.

நான் மூன்றாவது படித்தபோது மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவர் என் வகுப்பு டீச்சரேதான். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அம்மாவோ ஒரு வாரமாகத் தயாராக இருந்தாள். வீட்டில் பேசும் மொழியையே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நாம் இருப்பதே அரசாங்கத்துக்குத் தெரியாமல் போய்விடும் என்று பெரிய மாமா வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். தறிச் சத்தத்தில் அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. அம்மா வாங்கிக்கொண்டாள்.

"தாய்மொழி?" என்றார் டீச்சர்.

அம்மா வாய் திறப்பதற்குள், "எல்லாருக்கும் தமிழ்தானுங்க டீச்சர்," என்றேன். எழுத்தே தெரியாத ஒரு மொழியைச் சொன்னால் வகுப்பில் மானம் போய்விடும் என்று பயம். டீச்சர் மூன்று பேருக்கும் அப்படியே எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டார். அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அன்று முழுவதும் அடுப்புக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

மறுநாள் மதியம் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டாள்.

"ஏனுங்க டீச்சர், பாப்பா அவசரத்துல சொல்லிப்போட்டா. எங்கூட்டுல பேசறது கன்னடமுங்க."

டீச்சர் சலித்துக்கொள்ளாமல் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். "அதுக்கென்னங்க, மூணு பேருத்துக்கும் மாத்திப்போடட்டுங்களா?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பாவாடை நுனியைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றேன்.

"எங்க ரெண்டு பேருத்துக்கு மட்டும் மாத்துங்க. பாப்பாவுக்குத் தமிழே இருக்கட்டுமுங்க."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. மணி அடிப்பதற்குள் ஓடிப்போய் விளையாட்டில் சேர்ந்துகொண்டேன். ஒரே தாளில் தாய்க்கு ஒரு தாய்மொழியும் மகளுக்கு வேறொன்றும் எழுதப்பட்டுவிட்டது. தன் வாயாலேயே அப்படி எழுதச் சொல்லிவிட்டு அந்த வெயிலில் அம்மா எப்படி வீடு போய்ச் சேர்ந்தாள் என்று எனக்கு அன்று நினைக்கத் தெரியவில்லை.