ஒட்டடைக் கம்புக்குத் தப்பிய பெட்டி

மெஹராஜ் பேகத்தின் கோபம் நாகூரில் அந்தத் தெருவுக்கே தெரியும். குவைத்துக்குக் கிளம்பிய மகன் தௌபீக், தான் கண்ணாடிப் பெட்டியில் வளர்த்த மரச்சிலந்தியை அவளிடம் ஒப்படைத்தபோது வீடு அதிர்ந்தது. உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் முடி.

"இந்தப் பலாயை, இந்தப் பீடையை நானா பாக்கணும்?"

ஆனாலும் நபிகள் நாயகம் எதிரிகளுக்கு மறைந்து தங்கிய குகையின் வாசலில் வலை பின்னிக் காத்த இனமாயிற்றே. அடிக்க அவளுக்குக் கை வரவில்லை. முணுமுணுத்துக்கொண்டே இடுக்கியால் கரப்பான்பூச்சி பிடித்துப் போட்டாள்.

தர்காவின் கந்தூரி விழாவுக்கு விருந்தாளிகள் வருவார்களென்று வீடு முழுக்க ஒட்டடை அடித்தாள். அதே வேகத்தில் பெட்டியையும் திறந்து, மரப்பட்டைக்குப் பின்னால் வெள்ளையாகத் திரண்டிருந்த வலையை வழித்தெறிந்தாள். அதன்பின் சிலந்தி கரப்பானைத் தொடவேயில்லை. மூலையில் ஒடுங்கிக் கிடந்தது.

பதறிப்போய் மகனுக்கு வீடியோ கால் போட்டாள்.

"உம்மா, நீங்க அடிச்சது ஒட்டடை இல்ல. அது குடியிருக்கிற வீடு. தொந்தரவு பண்ணாம விடுங்க, திரும்பக் கட்டிக்கும்."

அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் பெட்டிக்குள் தண்ணீர் தெளித்து எட்டிப் பார்த்தாள். கந்தூரிக் கொடியேறிய அன்று பட்டையோரம் மெல்லிய வெண்திரை தெரிந்தது. உள்ளே ஒரு கால் அசைந்தது.

சந்தனக்கூட்டுக்கு வந்த தங்கை நஜ்மா பெட்டியைப் பார்த்தாள்.

"என்ன லாத்தா, வீடே பளிச்சுன்னு இருக்கு, இதுல மட்டும் ஒட்டடையா?" என்று கம்பை எடுத்தாள்.

மெஹராஜ் பேகம் பாய்ந்து பிடுங்கினாள். "கீழ போடுடி! உன் வீட்டை இடிச்சா நீ சும்மா இருப்பியா?"