அவர் எடுத்துக்கொண்ட வடை

இரண்டு வருடத்துக்கு முன்னால், தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. திருமுல்லைவாயிலில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில், கார் நிறுத்தும் இடத்தைக் காலி செய்து, வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்களுக்கு மேசை போட்டுக் கொடுத்திருந்தார்கள். அலைந்து திரிந்து நானும் ஒரு மேசை வாங்கிவிட்டேன்.

நான் செய்வது குட்டிச் சாப்பாடு. பாலிமர் க்ளே என்று ஒன்று விற்கிறது, பிசைந்த மைதா மாதிரி இருக்கும். அதில் விரல் நகம் அளவுக்கு இட்லி, வடை, பூரி, ஜிலேபி எல்லாம் பிடித்து, சின்ன ஓவனில் வைத்துச் சுட்டால் கெட்டியாகிவிடும். பழைய டூத் பிரஷ்ஷால் குத்தினால் வடையின் சொரசொரப்பு வரும். மேலே காவிக் கலர் சாக்பீஸ் தூளைத் தடவினால் எண்ணெயில் சிவந்தது போலவே இருக்கும். கொலுவில் வைக்க வாங்குவார்கள், காதில் தோடாகவும் போட்டுக்கொள்வார்கள். எல்லாம் போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். எனக்குப் படிப்பு ஒன்பதாவதோடு சரி.

எதற்கெடுத்தாலும் பயப்படுகிற சுபாவம் என்னுடையது. அன்றைக்கும் காலையிலிருந்தே பயம். மழை வந்துவிடுமோ, மேசை ஆடுகிறதே, பசை விட்டுக்கொண்டு வருமோ, ஒருத்தரும் வாங்காமல் திரும்பிப் போவோமோ என்று. "நீ பயப்படறதுக்கு யார்னா சம்பளம் குட்த்தா நாம இந்நேரம் மாடி ஊடு கட்டிகீலாம்" என்று சொல்லிக்கொண்டே என் வீட்டுக்காரர் சேக்காட்டில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து தன் ஆட்டோவில் பெட்டிகளைக் கொண்டுவந்து இறக்கினார். நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. வியாபாரம்கூட நன்றாகத்தான் போனது.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரு இட்லியையோ வடையையோ எடுத்து, வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், சாப்பிடலாமா என்று கேட்பார்கள். நாமும் அன்றுதான் முதல்முறையாக அந்த வேடிக்கையைக் கேட்கிற மாதிரி சிரிக்க வேண்டும். சிரித்தால் இரண்டு பொருள் சேர்த்து வாங்குவார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பழகிப்போய்விட்டது, மனசு எங்கே இருந்தாலும் வாய் தானாகச் சிரித்துவிடும்.

சாயங்காலம் போல ஒரு பெரியவர் தனியாக வந்து நின்றார். வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை. ஆள்தான் மிகவும் மெலிவு. வாழை இலை மாதிரி வெட்டின பச்சை அட்டையில் நான் பரப்பி வைத்திருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். வடை இருக்கா என்று கேட்டார். "இருக்கு தாத்தா, எடுத்துக்குங்க" என்றேன். நானேதான் சொன்னேன். அவர் ஒரு வடையை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனார். நான் சிரித்தேன். வாயில் போட்டுக்கொண்டார். அப்போதும் சிரித்துக்கொண்டிருந்தேன். பேரப்பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டுகிற மாதிரி கைக்குள் ஒளித்திருப்பார் என்று நினைத்தேன்.

அவர் மென்று பார்த்தார். பிறகு, பக்கத்துக் கடைகளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போலக் குனிந்து, மெதுவாகச் சொன்னார்.

"உப்பு போட மறந்துட்டியேம்மா."

சொல்லிவிட்டு விழுங்கினார். தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். துப்பினால் எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று விழுங்கியிருக்கிறார் என்பதுதான் இன்றைக்கும் என் எண்ணம்.

அந்த இலையில் சும்மா வடைகளோடு தோட்டு வடைகளும் கலந்து கிடந்தன. தோட்டு வடையில் கம்பிக் கொக்கி இருக்கும். அவர் எடுத்தது எது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணெதிரே எடுத்தார், ஆனாலும் தெரியவில்லை. கொக்கி குடலில் குத்துவது போலவும், போலீஸ் வருவது போலவும், அவரைப் பாடையில் கிடத்தியிருப்பது போலவும் அதற்குள் எனக்குள்ளே எல்லாம் ஓடி முடிந்துவிட்டது.

பக்கத்து மேசைப் பெண் சத்தம் போட்டு, பெரியவரின் மகள் மாடியிலிருந்து ஓடி வந்தார். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். அடிப்பார் என்று நினைத்து நின்றேன். அவர் கேட்டதோ வேறு.

"அவரே எடுத்தாரா? அவர் கையாலயா?"

ஆமாம் என்றேன். திரும்பவும் அதையே கேட்டார். கேஸ் கொடுக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் வெளியே ஆட்டோவில்தான் இருந்தார். பெரியவரை நடுவில் உட்காரவைத்து இரண்டு பக்கமும் நானும் அவர் மகளும் ஏறிக்கொண்டோம். க்ளே வாங்கின பாக்கெட்டும், கொக்கி வைத்த வடை ஒன்றும், வைக்காத வடை ஒன்றும் என் கையில் இருந்தன. பெரியவர் ரோட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டு, படத்துக்கா போறோம் என்று மகளிடம் கேட்டார். என் வீட்டுக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "ஒண்ணும் ஆவாது. நீ எதுவும் நெனைக்காம வா" என்றார். அவர் குரலே சரியாக இல்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் அது எதில் செய்தது என்று கேட்டார். பாக்கெட்டை நீட்டினேன். எல்லாம் இங்கிலீஷ். விஷம் என்று போட்டிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. இத்தனை நாள் கையால் பிசைந்த பொருளில் என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே இருந்திருக்கிறேன். அவர் படித்து முடிக்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எக்ஸ்ரே எடுத்தால் கம்பி இருந்தால் தெரியும் என்றார்.

எக்ஸ்ரே அறைக்கு வெளியே பெஞ்சில் அந்த அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தார். மன்னிச்சுடுங்கக்கா என்றேன். அதை அவர் காதிலேயே வாங்கவில்லை. அப்பாவுக்கு ஞாபகம் போய்க்கொண்டே இருக்கிறதாம். தட்டில் வைத்தது சாப்பாடு என்பதே இப்போதெல்லாம் தெரிவதில்லையாம்.

"ரெண்டு மாசமா தன் கையால ஒரு வாய் எடுத்து சாப்புடல. நான் வாயப் பிரிச்சு கஞ்சி ஊத்துறேன், துப்பிடறாரு. என்னென்னமோ செஞ்சு வச்சுட்டேன். இன்னிக்கு அவரா போய், அவரா கேட்டு, அவரா எடுத்து வாயில போட்டுருக்காரு. அது போயும் போயும்..."

அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

கம்பி இல்லை. வயிற்றுக்குள் போய்விட்டது, தானாக வெளியே வந்துவிடும், கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் அந்த அம்மாவே கூப்பிட்டு, வந்துவிட்டது என்றார். கூடவே ஒன்று கேட்டார். அதே மாதிரி பொடிசாக, நிஜ வடை சுட்டு, அதே இலையில் வைத்து, நானே எடுத்துக்கொண்டு வர முடியுமா என்று.

உளுந்து ஊறப்போட்டு ஆட்டினேன். க்ளேயில் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற அளவு, மாவில் வரவில்லை. ஓட்டை மூடிக்கொண்டது, எண்ணெயில் போட்டவுடன் கருகியது. தேறினதை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். அவர்கள் வீட்டுக் கூடத்தில் மேசை போட்டு, அன்றைக்கு விரித்த அதே துணியை விரித்து, இலையில் பரப்பினேன். பெரியவர் கண்ணில் பட வேண்டாம் என்று அந்த அம்மா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றார். பெரியவர் எதிரே உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். ஒரு தடவை கை மேசை வரைக்கும் வந்தது. இலையின் ஓரத்தைப் பிடித்து, என் பக்கமாக நகர்த்தினார்.

"எனக்கு வயிறு நெறஞ்சிருக்கும்மா. நீ சாப்புடு."

மறுத்தால் முகம் வாடும் போல இருந்தது. ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். உப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது. விழுங்கத்தான் முடியவில்லை. கதவுக்குப் பின்னால் குழாயைத் திறந்துவிட்டு அந்த அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

பொங்கலுக்கு முன்னாலேயே பெரியவர் போய்விட்டார். கடைசிவரை தன் கையால் எதையும் எடுத்துச் சாப்பிடவில்லை என்று அந்த அம்மா போனில் சொன்னார். குற்றமாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னார்.

தொழிலை விட்டுவிடலாம் என்று எத்தனையோ முறை நினைத்தாயிற்று, வீடு இதை நம்பித்தான் ஓடுகிறது, விட முடியவில்லை. இப்போது ஒவ்வொன்றையும் இலையோடு ஒட்டித்தான் கடையில் வைக்கிறேன், அதனால் யாருக்கும் எதுவும் ஆகாது. ஆனால் பசியே மறந்துபோன ஒரு மனிதருக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடத் தோன்றி, அன்றைக்குப் பார்த்து அவர் என் கடைக்கு வந்து நின்றார் என்பதை மட்டும், எத்தனை வடை பிடித்தாலும் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.