பெரியப்பாவின் தண்ணீர்ச் செய்தி

பிள்ளைகளே, சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால் உங்கள் பெரியப்பா, அதாவது என் அண்ணன், செய்தித்தாளைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் வாசிப்பார். அறிவியல் செய்தி அங்கேதான் ஒரு மூலையில் கிடக்கும். ஒருநாள் நிலாவில் தண்ணீர் இருப்பதாகப் போட்டிருந்தார்கள். வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். “அவ்வளவு தூரம் போய்த் தேடுறாங்க. நம்ம சந்துல அதுவா வீடு தேடி வருது, ஒருத்தனும் எழுதக் காணோம்” என்றார். மலையாளியான கடைக்காரச் சேட்டன் சாயாவை ஆற்றிக்கொண்டே, “அண்ணாச்சி நிலாவுல போயி வீடு எடுத்துத் தாமசிக்கணும். அப்ப எழுதுவாங்க” என்றார்.

கொச்சங்காடியில் ஒரு சுக்குக் கிடங்கில் மூட்டை எடை பார்க்கும் வேலை அவருக்கு. பத்தாவது வரை, அதுவும் மலையாளத்தில், படித்தவர். ஆனாலும் உலகத்தில் புதிதாக எது வந்தாலும் அதைப் பற்றி அவரிடம் ஓர் அபிப்பிராயம் இருக்கும். கணினி நிரலை இனி ஏஐ-யே எழுதும் என்று செய்தி வந்தபோது, “எழுதட்டும். எழுதச் சொல்றவனுக்கு என்ன வேணும்னு தெரியணுமே” என்றார். பிறகு அவரே எழுதச் சொல்ல உட்கார்ந்துவிட்டார்.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் காயலில் நீர் ஏறும்போது ஓடை வழியாகத் தண்ணீர் சந்துக்குள் வருவதை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். அது எப்போது, எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே எல்லோர் போனுக்கும் சொல்ல வேண்டும் என்பது அவருடைய ஆசை. போனில் இருக்கும் ஏஐ-யிடம் மலையாளத்தில் பேசுவார்; அது எழுதிக் கொடுத்ததை அது சொன்ன இடத்தில் ஒட்டுவார். ஓடாவிட்டால் திட்டுவார். அது உடனே மன்னிப்புக் கேட்டு வேறொன்று எழுதிக் கொடுக்கும். “கிடங்குல புதுசாச் சேர்ந்த பையன் மாதிரிடா இது. எதுக்கும் தெரியாதுன்னு சொல்லாது” என்பார் என்னிடம்.

ஒருவழியாகச் செய்தி வரத் தொடங்கியது. சில மாதம் சரியாகவே சொன்னது. எதிர்வீட்டில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குக் கொடுக்கும் அக்கா, காயல் ஏறும் நாளெல்லாம் யாரையாவது கூப்பிட்டுக் கிரைண்டரைச் செங்கல்மேல் தூக்கி வைப்பார். அவருடைய பிழைப்பே அந்தக் கிரைண்டர்தான். ஒரு பௌர்ணமியன்று ‘இன்று வீட்டுக்குள் தண்ணீர் வராது’ என்று செய்தி வந்தது. முதல்முறையாக அதை நம்பிக் கிரைண்டரைத் தரையிலேயே விட்டுவிட்டுக் கும்பளங்கியில் இருக்கும் தங்கையைப் பார்க்கப் போனார். திரும்பி வந்தபோது மோட்டார் தண்ணீரில் நின்றது.

எங்கே பிழை என்று பெரியப்பாவுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. தண்ணீர் எந்த உயரத்துக்கு வந்தால் வீட்டுக்குள் ஏறும் என்று போன் கேட்டிருந்தது. அவர் தன் வீட்டு வாசற்படியை அளந்து சொல்லியிருந்தார். இந்தச் சந்தில் கையில் காசு சேரும்போது தரையை உயர்த்திக்கொள்வது வழக்கம். ஒரு வீட்டுத் தரைபோல இன்னொன்று இருக்காது. பெரியப்பா முந்தின கோடையில்தான் தரையை உயர்த்தியிருந்தார். அக்கா வீட்டில் பழைய தரை.

விஷயத்தைச் சொன்னதும் போன் வழக்கம்போல மன்னிப்புக் கேட்டது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கணக்குப் போட்டுத் தருவதாகவும் சொன்னது. பெரியப்பா அதைக் கவிழ்த்து வைத்தார். “இது மன்னிப்புக் கேட்டுட்டு அடுத்த வேலைக்குப் போயிடுச்சு. எதிர்வீட்ல போய் முகம் காட்ட வேண்டியவன் நான்” என்றார்.

மோட்டாரைக் கழற்றிக் கொண்டுபோய், கெட்டுப்போன காயிலைப் புதிதாகக் கட்டி வாங்கி வந்து, அவரே மாட்டிக் கொடுத்தார். அதுவரை அக்கா வீட்டில் மாவு இல்லை. பிறகு டேப்பை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வாசற்படி அளக்கப் போனார். நானும் கூடப் போனேன். சிலர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை.

“அளந்துக்கோ தம்பி. ஆனா எனக்கு மெசேஜ் வேணாம்” என்றார் பெரியப்பாவிடம்.

“இனி தப்பா வராதுக்கா.”

“வராம இருக்கட்டும். மெசேஜ் வந்து கிரைண்டரத் தூக்குமா? உனக்கு அனுப்பிக்கோ. வந்ததும் நீ வா.”

அப்படியே மாற்றினார். எதிர்வீட்டுத் தண்ணீர்ச் செய்தி அவருடைய போனுக்கு வரும். அவர் எழுந்து போவார். போகாத நாள் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை.

முழங்கால் வலி முற்றிப்போய், அவர் கோயம்புத்தூரில் மகள் வீட்டோடு போய்விட்டார். போகும் முன் அந்தச் செய்தியை என் எண்ணுக்கு மாற்றினார். நான் ஏன் பாதிச் சாப்பாட்டில் கைகழுவிவிட்டுப் போகிறேன் என்று நீங்கள் கேட்டதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன். அங்கிருந்து கூப்பிடும்போது இப்போதும் ஏஐ பற்றி ஏதாவது சொல்வார். சில நாள் புகழ்வார், சில நாள் திட்டுவார். வைக்கும் முன், “போனியா?” என்று கேட்பார்.

போன அமாவாசையன்று என் போனில் சார்ஜ் இல்லை. ஓடையைப் பார்த்தேன், நிறைந்துகொண்டிருந்தது. எழுந்து போனேன். அக்கா கிரைண்டர் பக்கத்தில் குனிந்து நின்றுகொண்டிருந்தார்.

“மெசேஜ் வந்துச்சா?”

“இல்லக்கா. போன் செத்துக் கிடக்கு.”

“சரி, அந்தப் பக்கம் பிடி.”