பெருக்காத வீடு

ஒரு நாளைக்கு மூன்று தரம் வீடு பெருக்குகிறவள் நான். திருவொற்றியூரில் இருந்துகொண்டு வேறென்ன செய்வது? காலையில் துடைத்த தரையில் மத்தியானம் வெறுங்காலோடு நடந்தால் பாதம் கறுத்துப்போகும். சன்னலை மூடினாலும் கரித்தூள் எப்படியோ உள்ளே வந்துவிடும். "இவ கைல கெடச்சா கடலையே பெருக்கிடுவா" என்று என் வீட்டுக்காரர், தான் வேலை பார்க்கும் சாத்தாங்காட்டு இரும்புக் கடையில் எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறார். சொல்லட்டும். அவர் சட்டையிலிருந்து உதிரும் துருவையும் நான்தான் பெருக்குகிறேன்.

எனக்கு வேலை ராயபுரத்தில். கப்பல்காரர்கள் வந்து இளைப்பாறிவிட்டுப் போகும் விடுதி ஒன்றின் கீழே சின்னக் கடை. சோப்பு, சிம் கார்டு, பிஸ்கட், மரயானை பொம்மை. விற்காமல் தேங்கிய பனியன்களுக்கு மேலே ஓர் அட்டை தொங்கும். எஸ், ஏ, எல், இ என்று நாலே எழுத்து. தள்ளுபடி விற்பனை, அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

ஒருநாள் ஓர் இத்தாலிக்கார எஞ்சினியர் அட்டையைக் காட்டி, "உப்பு எங்கே?" என்று கேட்டார். அவர் ஊரில் அதே நாலு எழுத்தை 'சாலெ' என்று படிப்பார்களாம், உப்பு என்று அர்த்தமாம். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பிறகொரு நாள் ஒரு பிரெஞ்சுக்காரன் வந்து, அதை 'சால்' என்று படித்துவிட்டு மூக்கைப் பொத்திக்காட்டினான். அவன் பாஷையில் அழுக்கு! என் கடையைப் பார்த்துக் கலீஜ் என்று சொல்ல இவன் யார்? அவன் எதிரிலேயே மேசை முழுவதையும் துடைத்தேன். வேடிக்கைக்குச் சொன்னான் என்பது துடைத்து முடித்த பிறகுதான் புரிந்தது. ஒரு ஸ்பெயின் சமையல்காரர், நான் வேலை முடிந்து பையை மாட்டிக்கொண்டு வெளியே வருவதைப் பார்த்துவிட்டு, அட்டையைக் காட்டி என்னையும் காட்டினார். அவர்களுக்கு அது 'கிளம்புகிறாள்'.

இதையெல்லாம் தின்பண்டம் மாதிரி வீட்டுக்கு எடுத்துப்போவேன், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகளுக்காக. வாசலிலேயே நிற்பாள். "இன்னிக்கி எந்த நாட்டுக் கப்பலும்மா?" பிறகு எங்கள் வீட்டுப் பேச்சே மாறிப்போனது. குழம்பில் உப்புக் குறைந்தால் "சாலெ பத்தலமா" என்பாள். நான் துடைப்பத்தைத் தேடினால் "வூடு சாலா கீதா?" என்பாள். அவள் நைனாவுக்கு ஒன்றும் விளங்காது. "இன்னா பாஷடி இது?" என்று பேஜாராவார். நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அவள் வளர்ந்து நர்ஸ் ஆனாள். தண்டையார்பேட்டையில் வேலை, சாயந்திரம் ஏதோ வகுப்பு. அது இத்தாலி மொழி வகுப்பு என்று பிறகுதான் சொன்னாள். அந்த ஊரில் முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம்.

"இங்க இல்லாத கெழவன் கெழவியா?" என்று கத்தினேன்.

"நீதானம்மா உப்புலேர்ந்து ஆரம்பிச்ச."

இன்னும் சத்தமாகக் கத்தினேன். "அது யார் வூடோ. உன் வூடு இங்க கீது!"

அன்றிலிருந்து அவளோடு நேராகப் பேசவில்லை. "சோறு ஆறுதுன்னு உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க" என்று அவர் வழியாகத்தான் எல்லாம். மனசு நிறைய ஒரு வார்த்தை சொல்லாமலே அவளை அனுப்பிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. வாய்தான் வரவில்லை.

கிளம்பும் காலை, கார் கீழே வந்து நின்றது. விபூதி பூசினேன். 'போய்ட்டு வா கண்ணு' என்றுதான் சொல்ல நினைத்தேன். "மப்ளர் எடுத்துக்கினியா?" என்றுதான் வந்தது.

"எடுத்துக்கினேம்மா."

ஏர்போர்ட்டுக்கு வரமாட்டேன் என்று முந்தின நாளே வீறாப்பாகச் சொல்லியிருந்தேன். மாடிப்படியிலேயே நின்றுவிட்டேன்.

ஒருவர் பயணம் கிளம்பினால், அவர் போய்ச் சேரும்வரை வீடு பெருக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மகாபலிபுரம் போனால் மத்தியானமே பெருக்கிவிடலாம். இத்தாலி? இரண்டு விமானம், அதற்குமேல் ரயில். ஏர்போர்ட்டில் இறங்கினால் சேர்ந்த மாதிரியா, ரூமுக்குப் போனால்தான் சேர்ந்த மாதிரியா? ரூம்தான் என்று முடிவு கட்டினேன். கடைக்கு லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

தூள் விழுந்துகொண்டே இருந்தது. கண்ணாடி முன்னால் அவள் சிந்திய பவுடர்கூட அப்படியே கிடந்தது. கை நமநம என்றது. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "தொடப்பம் ஒடஞ்சிடுச்சாக்கா? என்னுது தரட்டா?" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அவளை ஏற்றிவிட்டு ஏர்போர்ட்டிலிருந்து திரும்பிய வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றார். "இன்னாமே, ஒடம்பு சரியில்லியா? வூடு இவ்ளோ கலீஜா கீது?"

"அவ இன்னும் போய்ச் சேரல."

மனுஷர் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, சுவரோரமாக நுனிக்காலில் நடந்து உள்ளே போனார். அந்த நடையைப் பார்த்ததும்தான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் போனில் ஒரு படம் வந்தது. சின்ன அடுப்படி, காலி அலமாரி, அதில் ஒரே ஒரு பொட்டலம். மேலே என் கடை அட்டையின் அதே நாலு எழுத்து. கூடவே அவள் குரல்:

"மா, ரூமுக்கு வந்துட்டேன். மொதல்ல உப்பத்தான் உள்ள எடுத்துக்கினு வந்தேன். நீ இன்னும் பெருக்காமதான குந்திக்கினு இருப்ப? பெருக்கும்மா."

நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று உப்பு ஜாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு முதலில் உள்ளே நுழைந்தவள் அவள்தான். புது வீட்டுக்குள் உப்புதான் முதலில் போக வேண்டும், அப்போதுதான் அது நம் வீடு என்று அன்றைக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவள் மறக்கவில்லை.

போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

"பெருக்குறேன். நீ உன் வூட்ட பெருக்கினியா கண்ணு?"

உன் வூடு என்று சொல்லிவிட்டேன். துடைப்பத்தை எடுத்தேன்.