ரீல் மாற்றும் நேரம்

தண்ணீர் தெளித்த மணலின் ஈரமும், அதன்மேல் படியும் பீடிப் புகையும், வேகவைத்த கடலையின் ஆவியும் கலந்த ஒரு வாசனை உண்டு. ஐம்பதுகளில் மீனாட்சிபுரத்துப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு அதுதான் சினிமா. அறுவடை முடிந்த வயலில் "டூரிங் கொட்டாய்" போடுவார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவே இடுப்புயரத்துக்கு ஒரு மண்சுவர். படம் காட்டும் இயந்திரம் ஒன்றே ஒன்று என்பதால் ஒவ்வொரு ரீல் முடிந்ததும் படம் நிற்கும், விளக்கு எரியும், அடுத்த ரீலை மாட்டும்வரை முறுக்குக்காரரும் சோடாக்காரரும் கூவிக்கொண்டு சுற்றி வருவார்கள்.

ஒரு கோடையில் அங்கே ஒரு ராஜா கதை வந்தது. கறுப்பு வெள்ளைப் படம். ஓடக்காரன் மகளை இளவரசன் விரும்புகிறான். ராஜா அவளை ஆற்றுக்கு அப்பால் துரத்திவிடுகிறார். அவளைத் தேடி வெள்ளத்தில் இறங்கிய இளவரசன் கரையேறவே இல்லை. முதல் நாள் குடும்பத்தோடு வண்டி கட்டிப் போனோம். திரும்பும் வழியெல்லாம் அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"பெத்த புள்ள மனசு தெரியாதவனுக்கு என்னத்துக்குக் கிரீடம்? அவனெல்லாம் ஒரு ராசாவா?"

"அந்த இளவரசன் இன்னேரம் வேற வேசம் கட்டப் போயிருப்பான். நீங்க மாட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள் அம்மா.

எனக்கு அப்போது பதினொரு வயது, சரசா அக்காவுக்குப் பதினெட்டு. அக்கா அதே படத்துக்கு அக்கம்பக்கத்துப் பெண்களோடு மறுபடியும் போனாள், துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு. அப்போதுதான் கவனித்தேன். ரீல் மாற்ற விளக்கு எரிந்ததும் அக்கா புடவையைச் சரிசெய்வதுபோல எழுந்து நிற்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டுவதுபோல மாணிக்கமும் எழுந்து நிற்பார். எங்கள் கிணற்றுக்கு ஆயில் எஞ்சின் மாட்ட வந்தவர் அவர், "நம்ம ஆளுங்க" இல்லை. ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. விளக்கு அணையும்வரை பார்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மூன்றாம் முறை, நான் பார்ப்பதை அக்கா பார்த்துவிட்டாள். கடலைப் பொட்டலத்தை என் மடியில் வைத்து, "எங்கயும் பேசாத கண்ணு" என்றாள்.

நான்காம் முறை என்னை விட்டுவிட்டுப் போனாள். அடுத்து நான் செய்ததற்குக் காரணம் அவ்வளவுதான். எழுதும்போது கூசுகிறது.

மறுநாள் விடியலில் அப்பா பால் கறந்துகொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏனுங்கப்பா, அந்த ராசா கெட்டவருங்களா?"

"கெட்டவன்தான் அம்மிணி, இப்ப என்ன அதுக்கு?"

"அப்ப நீங்க அக்காவ வைய மாட்டீங்கல்ல?"

பிறகு சொன்னேன். படம் பார்த்து அழுத மனிதர் அக்காவின் பக்கம்தான் நிற்பார் என்று குழந்தை மனதில் நம்பினேன் என்றே வெகுகாலம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது பாதி பொய். பாத்திரத்தில் பால் விழும் சத்தம் சட்டென்று நின்றது. அந்த நொடியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகும் நான் நிறுத்தவில்லை. யார், எத்தனை முறை, சுவரின் எந்த இடத்தில், கடலைப் பொட்டலம் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

அப்பா யாரையும் அடிக்கவில்லை. அம்மாவின் தம்பிக்கு ஆள் அனுப்பினார். முறை மாமன், மலைமேல் ஆனைக்கரையில் ஏலத்தோட்டத்து மேஸ்திரி, அக்காவைவிடப் பதினாறு வயது மூத்தவர். வைகாசி முடிவதற்குள் கல்யாணம் முடிந்தது. அதன்பின் எங்கள் எஞ்சினைப் பார்க்க வேறு ஆள் வந்தார். வண்டி ஏறும்போது நான் தேம்பித் தேம்பி அழுவதைக் கண்டு அக்கா என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"அழுவாத கண்ணு. படத்துல மாதிரி நானென்ன ஆத்துலயா வுழப் போறேன்? மலைக்குத்தான போறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அவள் புடவையில் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அந்தப் படத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் பார்த்தேன். பாலக்காட்டில் நாங்கள் இருக்கும் வீட்டுக்கு என் கணவர் வாடகை வீடியோவோடு கேசட்டும் கொண்டுவந்தார், நான் சின்ன வயதில் பார்த்த படம் என்று ஆசையாக. அதற்கு மூன்று நாள் முன்புதான் மகளின் கல்லூரிப் புத்தகத்துக்குள் ஒரு பையன் எழுதிய கடிதத்தைக் கண்டெடுத்திருந்தேன். அலமாரியில், ஆனைக்கரையிலிருந்து அக்கா பொங்கல்தோறும் அனுப்பும் ஏலக்காய்ப் பொட்டலத்துக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தேன். படம் முடிந்ததும் கணவரிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன்.

படத்தில் ஒரு சின்னத் தாதிப்பெண் வருவாள், தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு ராஜாவின் காதில் போய் ஓதுவாள். அவள் பாவாடைக் கரையைக்கூட என்னால் சொல்ல முடியும். முப்பது வருடமாக அவளை வெறுத்துவந்தேன். இப்போது பார்த்தபோது படத்தில் அவள் வரவே இல்லை. ராஜாவே மாடத்தில் நின்று, தன் கண்ணால் காதலர்களைப் பார்க்கிறார்.

"கொஞ்சம் பின்னால ஓட்டுங்க" என்றேன். ஓட்டினார். மறுபடியும் ஓட்டச் சொன்னேன்.

"என்ன தேடற?"

"ஒண்ணுமில்லீங்க."

யாரும் சொல்லவில்லை. அந்தப் படத்தில் யாருமே காட்டிக்கொடுக்கவில்லை.

வெள்ளக் காட்சியில் கணவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இவனெல்லாம் ஒரு தகப்பனா?" என்றார். மகள் படத்தைப் பார்க்கவில்லை. கடிதம் காணாமல்போனது அவளுக்குத் தெரியும். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் கேசட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனதும் கடிதத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். இங்கே எழுதியதையெல்லாம் அவளிடம் சொன்னேன். அந்தப் பையன் யாரோ, எப்படிப்பட்டவனோ என்ற பயம் இப்போதும் என்னை விடவில்லை. ஆனாலும் தன் அப்பாவிடம் அவளாகச் சொல்லும்வரை என் வாயிலிருந்து எதுவும் வராது என்றேன்.

கொட்டாய் போட்ட வயலில் இன்று வரிசையாக வீடுகள். மண்சுவர் எப்போதோ கரைந்துவிட்டது. விளக்கு எரிந்து, இரண்டு பேர் எழுந்து நின்று பார்த்துக்கொள்ளும் அந்த ரீல் மாற்றும் நேரமும் இல்லை. படம் இப்போது நிற்காமல் ஓடி முடிந்துவிடுகிறது.

மகள் ஏலக்காய் வாசம் ஏறிய கடிதத்தை மடித்துக்கொண்டே ஒன்றுதான் கேட்டாள்.

"நீதான் சொன்னேன்னு பெரியம்மாவுக்குத் தெரியுமாம்மா?"