தொரைக்கு எங்கே இடம்?

போன வாரம் முழுக்க எங்கள் வீட்டில் யாரைப் பார்த்தாலும் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான் — "தொரை போனாரா?"

ஆபீசுக்கா, வெளியூருக்கா என்று யோசிக்காதீர்கள். ஒண்ணுக்கு!

தொரை என்பது என் நாத்தனாரின் பூனை. பெரிய தலை, கடிபட்டுக் கிழிந்த ஒரு காது, வயதான ஆண் பூனை. என் கணவர் சேகரின் குடும்பம் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, நிகோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறியது. தோட்டத்து மேனேஜரைத் 'தொரை' என்று சொல்லியே வளர்ந்தவர்கள். தினமும் காலையில் மரம் மரமாக நின்று பார்த்துவிட்டு வரும் பூனைக்கு அவர்கள் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? பேச்சிலும் 'அவர்', 'இவர்'தான். இப்போது எனக்கும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது.

முழங்கால் வலிக்கு வைத்தியம் பார்க்க அண்ணி — நாத்தனாரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன் — இங்கே போர்ட் பிளேருக்கு வந்து எங்களோடு தங்குவதென்று முடிவானது. "தொரை இல்லாம நா வரல்ல" என்று போனிலேயே சொல்லிவிட்டார். ஆக, இரண்டு பேரும் கப்பலேறி வந்து, லம்பா லைன் பகுதியில் எங்கள் மாடிப்படியும் ஏறிவிட்டார்கள்.

வீடு என்று பெயர்தான். ஒரு ஹால், ஒரு பெட்ரூம், ஒருத்தர் திரும்பினால் இன்னொருத்தர் வெளியே வந்துவிட வேண்டிய கிச்சன். தோட்டத்தில் தொரைக்குத் திரும்பின பக்கமெல்லாம் மண். இங்கே மூன்றாவது மாடியில் மண்ணுக்கு எங்கே போவது? மெயின்லேண்டிலிருந்து வரும் பூனை மணலைக் கடையில் ஒரு பை வாங்கி, பிளாஸ்டிக் டப்பில் கொட்டினோம். சரி, டப்பை எங்கே வைப்பது?

கிச்சனா? சீச்சீ! பெட்ரூமா? "என் தலைமாட்டுலயா?" என்று அலறினார் சேகர். ஹாலில் ஒரு பக்கம் சாமி ஷெல்ஃப், ஒரு பக்கம் சோபா, மிச்சமிருந்த மூலையில் நான் உட்கார்ந்து பத்திரிகைக்கு இந்தப் பத்தியை எழுதும் மேஜை. அதன் பக்கம் யாரும் பார்க்கக்கூட இல்லை... நான் முறைத்த முறைப்பு அப்படி.

"பாத்ரூம்லயே வைப்போம். நாம எல்லாரும் அங்கதானே போறோம்?" என்றார் சேகர். டப் அங்கேயே குடியேறியது.

முதல் நாள் நான் அசந்து போனேன். வாழ்க்கையில் அப்படியொரு டப்பைப் பார்த்தேயிராத பூனை. உள்ளே ஏறியது, மோந்தது, முன்னங்காலால் குழி பறித்தது, உட்கார்ந்தது, எழுந்து பதவிசாக மூடியது. யார் சொல்லிக் கொடுத்தார்கள்? மனிதக் குழந்தைக்கு இதைப் பழக்க நாம் படும் பாடு என்ன!

மறுநாள் காலையோடு எல்லாம் நின்றது.

டப்பின் பக்கமே போகவில்லை. பாத்ரூம் வாசல் வரை வருவார், எட்டிப் பார்ப்பார், திரும்பி ஓடிக் கட்டிலுக்கடியில் படுத்துக்கொள்வார். சாப்பாடும் இல்லை. மணலை மாற்றினேன். டப்பைக் கழுவினேன். கீழே தென்னை மரத்தடியிலிருந்து மண் அள்ளி வந்து தூவினேன். ம்ஹூம்.

அன்றைக்கு முழுக்கப் போகவில்லை. மறுநாள் சாயங்காலம் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா வயிற்றைத் தடவிப் பார்த்தார். முகம் மாறியது.

"நிறைஞ்சு கிடக்கு. அடைப்பு மாதிரித் தெரியல, அடக்கி வச்சிருக்கான். ஆனா ஆண் பூனை, இப்படியே விட்டா கிட்னி போயிடும். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள போகலன்னா கொண்டு வாங்க, டியூப் போடணும். மயக்க மருந்து கொடுக்கணும்... இந்த வயசுல தாங்குமான்னு நான் உறுதி சொல்ல மாட்டேன்."

ஆட்டோவில் அண்ணி கூடையை மடியில் வைத்து, அதற்குள் கையை விட்டபடியே வந்தார். வீட்டுக்கு வந்ததும் மெல்லச் சொன்னார்: "எங்கூட வந்துதானே அவருக்கு இந்தப் பாடு. நா வராமயே இருந்திருக்கணும்."



விடிந்தது. மத்தியானத்துக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். கடைசி முயற்சியாக நானே தொரையைத் தூக்கிப் போய் டப்பில் நிறுத்தி, "என் ராஜா இல்ல... ஒரே ஒரு தடவை..." என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அது நடந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வெயில் காலத்தில் எங்கள் பக்கம் குழாயில் தினமும் தண்ணீர் வராது. வரும் நாளிலும் எப்போது வரும் என்று தெரியாது. அதனால் குழாயைத் திறந்தே வைத்து, கீழே ஒரு காலித் தகர டின்னை வைத்திருப்போம். முதலில் காற்று வரும் — புஸ்ஸென்று சீறி, காறி, இருமி, பைப் முழுக்க அதிரும். அப்புறம் தண்ணீர் டின்னில் தடதடவென்று விழும். அந்தச் சத்தம்தான் எங்களுக்கு அலாரம். கேட்டதும் எல்லோரும் வாளியோடு ஓடுவோம். எங்கள் காதுக்கு அது சங்கீதம்!

தொரைக்கு?

அவருடைய டப் இருந்தது அந்தக் குழாய்க்கு ஒரு ஜாண் தள்ளி.

பைப் சீறியது. தொரை நாலு காலும் தரையில் இல்லாமல் எகிறி, என் கையைக் கீறிக்கொண்டு பறந்தார். டின் அதிர்ந்தது. கீழ் வீட்டு வங்காளிப் பெண்மணி வழக்கம்போல், தண்ணீர் வந்துவிட்டது, பிடித்துக்கொள்ளுங்கள் என்று இந்தியில் ஊருக்கே அறிவித்தார்: "பாபி! பானி ஆ கயா! பர் லோ, பர் லோ!"

நான் கையில் ரத்தத்தோடு அப்படியே நின்றேன். அடப்பாவிகளா! முந்தின முறை தண்ணீர் வந்த காலையிலும் இவர் இங்கேதான் இருந்திருக்கிறார். நாங்கள் எல்லோரும் அவர் தலைக்கு மேலே வாளியோடு பாய்ந்து விழுந்திருக்கிறோம். அதற்கு அப்புறம்தான் எல்லாமே நின்றது!

சேகர் தண்ணீர் டிரம்மின் மூடியைத் திறந்துகொண்டிருந்தார். "குழாயை மூடுங்க" என்றேன்.

"என்னது?"

"மூடுங்க! சத்தம் அடங்கணும்."

போர்ட் பிளேரில், வெயில் காலத்தில், வருகிற தண்ணீரை மூடுவதா? சேகர் என்னைப் பார்த்தார். வாசலில் நின்ற தன் அக்காவைப் பார்த்தார். குழாயை மூடினார். எனக்குத் தெரிந்து எங்கள் கட்டிடத்தில் அப்படி ஒரு காரியத்தை யாருமே செய்ததில்லை.

நான் டப்பைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். இப்போது எங்கே?

"நீ வக்காத. அவர் எங்க போறார்னு பாரு" என்றார் அண்ணி.

ஃபேனை நிறுத்தினோம். போனை அணைத்தோம். சோபாவில் மூன்று பேரும் பரீட்சை ஹாலில் இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தோம். கட்டிலுக்கடியிலிருந்து முதலில் கிழிந்த காது வந்தது. அப்புறம் தலை. ஹாலைச் சுற்றி ஒவ்வொரு இடமாக நின்றார், பார்த்தார். கடைசியில் நேராகப் போய் நின்ற இடம்... என் எழுத்து மேஜைக்கு அடியில்.

முதுகுக்குச் சுவர். வாசல் கதவும் தெரியும், கிச்சன் கதவும் தெரியும். பின்னாலிருந்து யாரும் வர முடியாது. பைப் இல்லை, சத்தம் இல்லை. இந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று, இதே காரணங்களுக்காகத்தானே நான் அந்த மூலையைப் பிடித்துக்கொண்டேன்? எனக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் முழுக்க ஆனது. அவருக்கு ஒரு நிமிஷம்!

நாற்காலியை நகர்த்தி, டப்பை உள்ளே தள்ளினேன்.

காத்திருக்கும்போது அண்ணி ரகசியக் குரலில் சொன்னார்: "சிலோன்ல எங்க லயத்துல வரிசை வீடு அத்தனைக்கும் ஒரு கக்கூஸ்தான். கதவும் பாதி. ஆம்பளைங்க நடமாட்டம் ஓயட்டும்னு நாங்க பொம்பளைங்க அடக்கிக்கிட்டே கெடப்போம். வயிறு வெடிச்சிரும் போல இருக்கும். அவருக்கு எப்பிடி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வலியிலும் இந்தப் பூனை என் மெத்தையை நனைக்கவில்லை. அரிசி மூட்டையை, சோபாவை, வாசல் மிதியடியை... எதையும் தொடவில்லை. உயிரே போனாலும் சரி, கண்ட இடத்தில் போக மாட்டேன் என்று இருந்திருக்கிறது. எத்தனை கிலோ இருக்கும் அந்த உடம்பு? அதற்குள் எவ்வளவு மானம்!

கதவு தட்டும் சத்தம். கீழ் வீட்டுப் பெண்மணி. "நல்கா பந்த் க்யூன் கியா? பானி சலா ஜாயேகா!" குழாயை ஏன் மூடினாய், தண்ணீர் போய்விடுமே என்று பதறுகிறார். சேகர் உதட்டில் விரலை வைத்து, மேஜைக்கு அடியைக் காட்டினார். என்ன புரிந்ததோ, அவரும் வாயைப் பொத்திக்கொண்டு எங்களோடு நின்றுவிட்டார்.

தொரை டப்பில் ஏறினார். சரக்... சரக்... மணலைப் பறித்தார். உட்கார்ந்தார்.

நாலு பேர் மூச்சை அடக்கி நின்றோம். சன்னமாக அந்தச் சத்தம் கேட்டது... கேட்டுக்கொண்டே இருந்தது. கோயிலில் தீபாராதனைக்குக்கூட நான் அப்படி மெய்மறந்து நின்றதில்லை. அண்ணியின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "போயிட்டார்ம்மா" என்றார். கீழ் வீட்டுப் பெண்மணி எதற்கென்று தெரியாமலே நெற்றியில் கை வைத்துக் கும்பிட்டார்.

பிறகு குழாயைத் திறந்தும் டிரம் பாதிதான் நிறைந்தது. அடுத்த தண்ணீர் வரும்வரை அந்தப் பெண்மணி கொடுத்த வாளிகளில்தான் எங்கள் பிழைப்பு ஓடியது. ஒருத்தரும் முணுமுணுக்கவில்லை.

ஓர் உயிரைக் கூப்பிட்டு வீட்டில் வைத்துக்கொள்கிறோம். நமக்கு எது தோதோ அந்த மூலையைக் காட்டி, "இதுதான் உன் இடம்" என்கிறோம். அது பயப்படாமல் உட்கார முடிகிற இடமா என்று யார் கேட்கிறோம்? பூனைக்கு மட்டுமா சொல்கிறேன்? சோபாவை ஒதுக்கி, அண்ணிக்கென்று ஹால் ஜன்னலோரம் ஒரு கட்டில் போட்டாயிற்று. அந்த இடத்தை இந்த முறை அவரிடம் கேட்டே முடிவு செய்தோம்.

இதை எழுதும்போது தொரை என் காலடியில்தான் இருக்கிறார். ஒரே மூலையில் இரண்டு பேரும் அவரவர் வேலையைப் பார்க்கிறோம். ஒரே ஒரு வித்தியாசம்தான்... அவர் முடித்த கையோடு மணலைத் தள்ளி மூடிவிடுகிறார். நான் உங்களுக்கு அனுப்பிவிடுகிறேன்!