பாதித் தண்ணீர்

இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளுக்குப் பொதுவான அந்த நீச்சல் குளத்தைப் பதினேழு வருடங்களாகப் பார்த்துக்கொண்டவரை எல்லோரும் ‘தண்ணி டாக்டர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். காலை ஆறு மணிக்குச் சின்னக் கண்ணாடிக் குழாயில் குளத்துத் தண்ணீரைப் பிடித்து, சொட்டு மருந்து விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். அதைப் பார்த்து யாரோ கேலியாக வைத்த பெயர். “நோயாளி எப்படி இருக்கார் டாக்டர்?” என்று கேட்டால், “மூச்சு இருக்கு சார்” என்பார்.

அந்த நேரத்தில் குளத்துக்கு வருகிறவர் முதல் மாடி டீச்சர் மட்டுமே. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு முழங்காலும் தேய்ந்துபோனவர். லிஃப்டிலிருந்து குளத்துப் படிவரை ஊன்றுகோலோடு வந்துசேரக் கால் மணி நேரம் பிடிக்கும். இறங்கிவிட்டாலோ நிறுத்தாமல் இருபது சுற்று நீந்துவார். “இந்தக் கால் தண்ணிக்குள்ள மட்டும்தான் என் பேச்சைக் கேக்குது” என்று சிரிப்பார்.

குடியிருப்போர் சங்கத்துக்குப் புதிதாக வந்த செயலாளர் சுறுசுறுப்பானவர். தினம் பொடி கரைத்து ஊற்றுவானேன் என்று குளோரின் மாத்திரைகளை வரவழைத்தார். மிதக்கும் டப்பாவில் போட்டால் தானாகக் கரையும். டாக்டருக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. பொடியின் நெடியில் வருடக்கணக்காக இருமிக்கொண்டிருந்த நெஞ்சுக்குக் கொஞ்சம் ஓய்வு. அந்த நிம்மதியில் ஒரு சோதனையை மட்டும் விட்டுவிட்டார். அதற்காக அவர் பின்னால் தன்னை மன்னிக்கவே இல்லை.

மூன்றாவது கோடையில் தண்ணீர் மங்கியது. சுவரில் பாசி வழுக்கியது. எவ்வளவு குளோரின் போட்டும் அசையவில்லை. அப்போதுதான் அந்தச் சோதனையைச் செய்தார். சோதனைக் குழாயின் அடியில் கறுப்புப் புள்ளி ஒன்று இருக்கும். மருந்து கலந்த தண்ணீரை ஊற்ற ஊற்ற அது மறைய வேண்டும். சீக்கிரம் மறைந்தால் ஆபத்து. அன்று கால் குழாய்கூட நிறையவில்லை, புள்ளி காணாமல் போய்விட்டது.

செயலாளரின் அறைக்கு ஓடினார்.

“மாத்திரையில குளோரின் மட்டும் இல்ல சார். வெயில்ல அது பறந்துடாம புடிச்சு வைக்க இன்னொரு மருந்தும் இருக்கு. குளோரின் செலவாயிடும், அது போகாது. மூணு வருஷமா சேர்ந்து, இப்போ குளோரினை வேலை செய்யவே விடாம கட்டிப்போட்டிருக்கு.”

“சரி, அதை எடுக்க என்ன மருந்து?”

“மருந்தே கிடையாது. பாதித் தண்ணிய வெளியேத்திட்டுப் புதுசா விடணும்.”

செயலாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “வீட்டுக் குழாய்ல ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி வருது. நீ குளத்தைத் திறந்து விடுங்கறியா? அப்புறம் என்னைத்தான் வெளியேத்துவாங்க.”

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. சங்கக் கூட்டத்தில் டீச்சர் எழுந்து நின்று டாக்டருக்காகப் பேசினார். எதிர்த்துக் கை தூக்கியவர்கள் அத்தனை பேர், எண்ணக்கூட அவசியப்படவில்லை.

குளோரினை இரட்டிப்பாகப் போடச் சொன்னார்கள், போட்டார். மூக்கைத் துளைக்கும் நெடி கிளம்பியது. “மருந்தைக் கொட்டிட்டான்” என்றார்கள். அது அழுக்கோடு சேர்ந்து கெட்டுப்போன குளோரினின் நெடி என்று அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அடுத்த வாரம் நாலு பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. ஒரு குழந்தைக்குக் காதில் சீழ். அதன் அம்மா பம்ப் அறை வாசலுக்கே வந்து, “உங்களுக்குப் பிள்ளைங்க இல்லையா அண்ணா?” என்று கேட்டாள். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுக்கு அது தெரியாது.

அன்று சாப்பாட்டுத் தட்டை அப்படியே தள்ளி வைத்தார். “நீங்கதான் சொல்லிட்டீங்களே, கேக்கலைன்னா நீங்க என்ன பண்ணுவீங்க?” என்றாள் மனைவி. “மூணு வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கணும்” என்றார் அவர்.

மறுநாள் காலை குளத்தின் அடியில் இருக்கும் வடிகால் மூடி தெரியவில்லை. உள்ளே ஒருவர் மூழ்கினாலும் வெளியே தெரியாது. யாரையும் கேட்காமல் கதவைச் சங்கிலியால் பூட்டினார். டீச்சர் ஊன்றுகோலோடு வெளியே நின்றார்.

“எனக்குமா டாக்டர்?”

“உங்களுக்கும்தான் டீச்சர்.”

நீந்துவதற்காக அந்தப் பூட்டு பிறகு திறக்கவே இல்லை. இரண்டே வாரத்தில், குளத்தை மூடிக் கார் நிறுத்துமிடமாக்கிவிடலாம் என்று முடிவானது. மூடுவதற்காக மோட்டார் வைத்து மொத்தத் தண்ணீரையும் இறைத்துத் தெருச் சாக்கடையில் விட்டார்கள். பாதி கேட்டவர் பக்கத்தில் நின்று குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு கல்லும் மண்ணும் வந்தன, மேலே சிமெண்ட்.

டாக்டரை வாசல் காவலுக்கு மாற்றினார்கள். நீலச் சட்டை, ஒரு விசில். பெயர் மட்டும் மாறவில்லை.

ஆறு மாதம் கழித்து டீச்சரைச் சக்கர நாற்காலியில் வைத்து அவருடைய மகள் ஆஸ்பத்திரிக்குப் போகத் தள்ளிக்கொண்டு வந்தாள். வாசலில் நிறுத்தச் சொன்னார் டீச்சர்.

“வேற எங்கயாவது குளம் இருக்கா டாக்டர்?”

“விசாரிச்சேன் டீச்சர். ஒண்ணு இருக்கு. ஆனா நாப்பது படி ஏறணும்.”

டீச்சர் தலையாட்டினார். “அப்போ இல்லைன்னே சொல்லியிருக்கலாம்” என்றார், கோபமே இல்லாமல்.

பின்னால் ஒரு கார் ஒலி எழுப்பியது. டாக்டர் நாற்காலியை ஓரமாக்கிவிட்டுக் கதவைத் திறக்கப் போனார்.